கைரேகைச் சட்டக் காலத்துச் சிறுமி: முதல் நாவல் எழுதுவோருக்குச் செய்முறை

ஆங்கிலேயர் ஆட்சியில், பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை உசிலம்பட்டி வட்டாரத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள். பதிவேட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ராத்திரியில் வீட்டைத் தனியாகக் காத்தவர்கள் பெண்கள். அதனால் கதையைக் காவல் நிலையத்தில் தொடங்க வேண்டாம், வீட்டு வாசலில் தொடங்குங்கள்.

படி 1: ஆண்டும் வயதும்
ஒரு தாளில் ஆண்டையும் பக்கத்திலேயே உங்கள் கதைச் சிறுமியின் வயதையும் எழுதுங்கள். 1911ல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு; செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947ல் சட்டம் நீங்கியது. அவள் 1910ல் பிறந்தால் 1920ல் வயது பத்து. பார்த்தது மறக்காது, காரணம் முழுசாகப் புரியாது; நாவலுக்கு வேண்டிய வயது அதுதான். ஐந்து வயதாக்கினால் எல்லாவற்றையும் பெரியவர்களே சொல்ல வேண்டிவரும், பாதிப் புத்தகம் விளக்கவுரையாகிவிடும். 1947 வரை இழுக்காதீர்கள், அப்போது அவளுக்கு 37.

படி 2: ஊர்
பெருங்காமநல்லூருக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கற்பனை ஊர் போதும். பெருங்காமநல்லூரில் உயிர்விட்டவர்களின் வாயில் நாம் வசனம் எழுதுவது சரியல்ல.

படி 3: சட்டம் வீட்டுக்குள் வரும் வழி
பதிவானவர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த இரண்டை வைத்தே ஆறேழு அத்தியாயம் எழுதலாம். விளக்கு வைத்ததும் அய்யா போர்வையோடு கிளம்பிவிட்டார். நடுராத்திரி ஆத்தாவுக்கு வலி எடுத்தால் மருத்துவச்சியைக் கூப்பிடப் போவது யார்? மாமன் வீட்டு இழவுக்குச் சீட்டு வருவதற்குள் பிணத்தை எடுத்துவிட்டால்? கல்யாணமான அன்றே மாப்பிள்ளை சாவடிக்குப் போனால்? ஒரு கேள்விக்கு ஓர் அத்தியாயம், 1,500 சொல்லுக்குள். சீட்டு எழுதுகிறவர், பேர் கூப்பிடுகிறவர் ஆகியோருக்கும் முகம் கொடுங்கள். காக்கிச்சட்டை மட்டுமே வில்லனானால் கதை தட்டையாகிவிடும்.

படி 4: சோறும் காசும்
அதிகம் சறுக்குவது இங்கேதான். 1895க்குப் பிறகு முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் நெல் விளைவித்தது. உசிலம்பட்டி மேட்டுக்கு ஏறவில்லை. வைகை அணை 1959ல்தான் வந்தது. ஆகவே தினமும் நெல்லுச்சோறு போடாதீர்கள். கம்பு, சோளம், குதிரைவாலி போடுங்கள். ஏப்ரல் 3 என்பது பங்குனி. மானாவாரிக் காடு காய்ந்து கிடக்கும் மாதம், அங்கே பச்சைப் பயிரைக் காட்டினால் உள்ளூர் வாசகர் நம்பமாட்டார். காசைச் சொல்லும்போது, அன்று ரூபாய்க்கு 16 அணா.

படி 5: பேச்சு
‘அடக்குமுறை’, ‘ஏகாதிபத்தியம்’ போன்ற சொற்கள் அவள் காதில் விழுந்திருக்காது. “ஒங்கய்யன வீட்ல படுக்கக்கூட விடமாட்டேங்கிறானுகளே” என்று அப்பத்தா புலம்பினால் போதும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியிலும் ‘இது இவளுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பார்த்தாள், கேட்டாள், ஒளிந்திருந்து கேட்டாள் என்று ஒரு வழி சொல்ல முடியாத வரியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள்.