மேகத்தைப் பிடித்து மொழிக் குடும்பத்தை அறிவது எப்படி?

சொற்பிறப்பியலில் அடியெடுத்து வைப்பவர்களுக்கு ஜெர்மன், ஆங்கிலம், டச்சு போன்றவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் ‘மேகம்’ அருமையான பயிற்சி. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சொற்களை எழுதுங்கள்.
ஜெர்மன்: வோல்கெ. டச்சு: வொல்க். இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி): வோல்கன். ஐஸ்லாந்து மொழி: ஸ்கீ. டேனிஷ்: ஸ்க்யூ. ஸ்வீடிஷ்: மோல்ன். ஆங்கிலம்: கிளவுட்.

படி 2: மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்துப் பிரியுங்கள்.
உயிர் எளிதில் மாறும், மெய் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வ-ல்-க வரும் மூன்றும் ஓர் அணி. ஐஸ்லாந்தும் டென்மார்க்கும் இன்னொன்று. மோல்ன், கிளவுட் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

படி 3: பழைய வடிவத்தைத் தேடுங்கள்.
இங்கேதான் சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் மேகத்துக்கு ‘வொல்கென்’ என்றே பெயர். ஆக, ஆங்கிலமும் முதல் அணிதான். அந்தச் சொல் பின்னர் ‘வெல்கின்’ ஆகி, வானத்தைக் குறிக்கும் கவிதைச் சொல்லாக ஒதுங்கிவிட்டது. காலியான இடத்துக்கு வந்த ‘கிளவுட்’டின் மூலமான ‘க்லூட்’டுக்குப் பொருள் பாறை, குன்று. குவிந்து எழும் வெண்மேகத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

படி 4: கடன் சொல்லைக் கண்டுபிடியுங்கள்.
இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஆங்கில ‘ஸ்கை’க்கும் ஐஸ்லாந்தின் ‘ஸ்கீ’க்கும் உறவு உண்டு, ஆனால் அது பரம்பரைச் சொத்து இல்லை. பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்க’ ஒலி ‘ஷ’வாகத் திரிந்துவிட்டது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் திரியவில்லை. அதனால்தான் ஒரே வேரிலிருந்து ‘ஷர்ட்’ ஆங்கில வழியாகவும், ‘ஸ்கர்ட்’ நார்ஸ் வழியாகவும் வந்தன. ‘ஸ்கை’, ‘ஸ்கின்’, ‘ஸ்கில்’ எல்லாமே 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி தந்தவை. ஆங்கிலத்தில் ‘ஸ்கை’யும் தொடக்கத்தில் மேகத்தைக் குறித்தது, பிறகுதான் வானமானது. நம் ‘வானம் பார்த்த பூமி’யில் வானம் மழையைக் குறிக்கிறதே, அதுபோலப் பக்கத்துப் பொருளுக்கு நகர்ந்த சொல்.

படி 5: தனித்து நின்றதைக் கவனியுங்கள்.
‘மோல்ன்’ ஸ்வீடனின் புதுச் சரக்கு அல்ல. கோதிக், வழக்கொழிந்துபோன ஒரு பழைய ஜெர்மானிய மொழி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் செய்த கோதிக் பைபிள் மொழிபெயர்ப்பில் மேகம் ‘மில்ஹ்மா’. இரண்டையும் உறவாகவே பார்க்கிறார்கள்.

அடுத்து மூடுபனியை எடுங்கள். ஜெர்மனில் ‘நேபெல்’, டச்சில் ‘நேவெல்’. பக்கத்தில் லத்தீன் ‘நெபுலா’வையும் சமஸ்கிருத ‘நபஸ்’ஸையும் எழுதி, படி 2இலிருந்து தொடங்குங்கள்.