சொதியை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்: தீபாவளிச் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு மத்தியானம் பாளையங்கோட்டையில் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைதீபாவளி முடிந்து, தனிக்குடித்தனத்தில் அவள் சமைத்த முதல் தீபாவளி அது. அடுப்படிக்குள் போனதுமே கண்ணில் பட்டது சொதிப் பாத்திரம்தான். சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் எங்கள் திருநெல்வேலிக் குழம்பு. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் எழும்பி வந்தன. "பெரியம்மா, பதினோரு மணிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். முகம் வாடிவிட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே தவறை நான் கல்யாணமான புதிதில் அம்பாசமுத்திரத்தில் செய்தேன். உப்பு கூடுவது, சோறு குழைவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாலு தடவை சமைத்தால் அவை தானாகச் சரியாகிவிடும். சொதி திரிவது அப்படி இல்லை.

சொதியை மறுபடி சூடாக்குவது

நம்மூரில் சொதி மறுவீட்டுச் சாப்பாடு. புது மாப்பிள்ளை வந்தால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்காரும்போதும் அதேதான். 6 பேருக்கு 2 தேங்காய் வேண்டும். இன்று தேங்காய் விற்கிற விலையில் அதைத் திரியவிட்டால் வயிறு எரியும்.

தேங்காயை அரைத்து முதலில் பிழிகிற கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். "ஏட்டி, பால் கொதிச்சிரப்படாது, நுரை கூடினதும் இறக்கிரு" என்று ஆச்சி பக்கத்தில் நின்று சொல்லிவிடுவாள். தங்கை மகளும் அதைச் சரியாகத்தான் செய்திருந்தாள். கெட்டது அதற்குப் பிறகு. பண்டிகை நாளில் யாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவதில்லை. பன்னிரண்டரைக்குப் பெரியவர்கள், ஒன்றரைக்கு வெடி போட்டுவிட்டு வரும் பிள்ளைகள், இரண்டரைக்கு வாழ்த்துச் சொல்ல வந்த அத்தானும் மதினியும். ஒவ்வொரு பந்திக்கும் பாத்திரம் அடுப்பில் ஏறி இறங்கும். அதற்குள் எலுமிச்சம்பழமும் பிழிந்தாயிற்று.

தேங்காய்ப்பாலில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சுமார் 80 டிகிரி சூட்டில் அந்தப் புரதம் திரளத் தொடங்கும், பிடி விட்டுப்போகும். புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். சூடு மட்டும் என்றால் ஒரு தடவை தப்பிக்கலாம். புளிப்புச் சேர்ந்த பாலை மறுபடி சூடாக்கினால் தப்பவே முடியாது. இது தெரியாமல் நான் இரண்டு மூன்று வருடம் தேங்காயையும் கடைக்காரரையும் பழித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பு, இஞ்சி பச்சைமிளகாய் விழுது, இரண்டாம் பால் எல்லாம் சேர்த்து, பெரிய பாத்திரத்தில் அப்படியே நிறுத்திவிடுங்கள். அதை எத்தனை தடவை சூடாக்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. முதல் பாலை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே ஏடு மாதிரி உறைந்து நிற்கும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துக் கலக்கினால் சரியாகிவிடும். ஒரு பந்திக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் சின்னச் சட்டியில் மொண்டு சூடாக்கி, தீயைத் தணித்து, 4 பேருக்கு ஒரு டம்ளர் கணக்கில் முதல் பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்குங்கள். ஐந்து நிமிடம் ஆறிய பிறகு எலுமிச்சம்பழம்.

முழுவதும் கலந்தாயிற்று, மிச்சம் இருக்கிறது என்றால் வெந்நீர் நிறைந்த அகலப் பாத்திரத்துக்குள் அந்தச் சட்டியை வைத்துக் கிளறுங்கள். வெதுவெதுப்பு வந்தால் போதும். திரிந்ததில் சோளமாவைக் கரைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டியாகும். ஆனால் அது சொதி இல்லை.

சாப்பாட்டு மேஜையில் அரளிப்பூ

வேண்டவே வேண்டாம். அரளிச் செடி முழுக்க நஞ்சு.

மேஜை நடுவே பூப்பாதை

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு மேஜை 3 அடி அகலம். எதிரெதிராக இரண்டு இலை போட்டால் நடுவே மிஞ்சுவது அரை அடி. அதில் விளக்கையும் பூவையும் நிரப்பினால் இலையை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். இலை விளிம்பு மேஜைக்கு வெளியே தொங்கும். சொதி நீர்க்க இருக்கும் குழம்பு, நேராகப் புது வேட்டியில்தான் வந்து விழும். தங்கை மகள் வீட்டில் அவள் மாமனாருக்கு அப்படித்தான் ஆயிற்று. கேந்திப்பூ இதழ் ஒன்று பச்சடிக் கிண்ணத்தில் கிடந்ததையும் எடுத்துப் போட்டேன்.

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்கவிட்டு, அறை மூலையில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். குளத்துத் தாமரை இரண்டு கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். மல்லிகைச் சரமும் சாம்பிராணியும் பூஜை அறையோடு இருக்கட்டும். தாளித்த நெய் வாசனையும் இஞ்சி வாசனையும் முதலில் மூக்கில் ஏற வேண்டும். மேஜைமேல் அலங்காரம் என்றால் நன்றாகத் துடைத்த நுனி இலையே போதும். நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம்.

பத்தமடைப் பாயை இலைக்கு அடியில் விரிப்பது

மஞ்சள் கறை போகாது. உட்கார மட்டும் விரியுங்கள்.

அப்பளத்தை முன்னாலேயே பொரிப்பது

ஐப்பசி அடைமழைக் காலம். கல்லிடைக்குறிச்சி அப்பளமாகவே இருந்தாலும் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகும். இலை போட்ட பிறகு எண்ணெயைக் காயவையுங்கள்.

உக்காரையில் அவசரம்

உக்காரை கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் தீபாவளி இனிப்பு. ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்த கடலைப்பருப்பை, சூட்டோடு உதிர்த்தால் களியாகிவிடும். முழுவதும் ஆறட்டும். அப்புறம் வெல்லப்பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முன்னால் பருப்பைக் கொட்டினால் எவ்வளவு நெய் ஊற்றினாலும் சொதசொதவென்றே இருக்கும். இதை முந்தின நாள் சாயங்காலமே செய்து வைத்துவிடலாம், நாளைக்கு நாள் உதிரியாகும். விடிந்த பிறகு அடுப்பு முழுவதும் சொதிக்குக் கிடைக்கும்.