கிளிநொச்சியில் கரண்ட் போனாலும் வினாத்தாள் திறக்க வேண்டும்: கே3எஸ்ஸில் வேலையைத் தானாக இடம் மாற வைப்பது

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் புதுக்குடியிருப்பில் இருந்து ரியூசன் சேர் அழைத்தார். "தம்பி, பேப்பர் ஒன்றும் திறக்குதில்லை. பிள்ளையள் வந்து இருக்கினம்." வினாத்தாள் தளம் ஓடிய பெட்டி, அதாவது கணினி, கிளிநொச்சியில் இருந்தது, அங்கே கரண்ட் இல்லை. வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் இரண்டு பெட்டிகள் சும்மா இருந்தன. வேலை, அதாவது தளத்தை ஓட்டும் புரோகிராம், தானாக அவற்றில் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது. உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் முடியட்டும்.

வவுனியாவில் யூ.பி.எஸ். வைத்த பழைய மேசைக் கணினி, கிளிநொச்சியில் ஃபைபர் இணைப்போடு மினி பீசி, புதுக்குடியிருப்பில் 4ஜி ரவுட்டரோடு 4 ஜிபி ராஸ்பெரி பை. மூன்றையும் வயர்கார்டால், அதாவது இணையத்துக்கு மேலே தனி வலையமைப்பு உண்டாக்கும் மென்பொருளால், இணைத்துக்கொள்ளுங்கள். 4ஜி பக்கத்தில் பேர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 (25 வினாடிக்கு ஒருமுறை இணைப்பை உயிரோடு வைக்கும் சமிக்ஞை) என்று போட மறக்க வேண்டாம். போடாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் அந்தப் பெட்டியை வெளியிலிருந்து எட்ட முடியாமல் போகும்.

மேலே கே3எஸ். இது, பல கணினிகளில் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் குபெர்நெட்டீஸின் சிறிய வடிவம், 100 எம்பிக்கும் குறைந்த ஒரே கோப்பு. முழுக் குபெர்நெட்டீஸை ராஸ்பெரி பையில் ஏற்றிப் பாடுபட வேண்டாம். இதே வேலையைச் செய்யும் நோமட் இதைவிட எளிது, நானும் பாவித்தேன். 2023 ஆகஸ்ட்டில் அதன் திறந்த மூல உரிமத்தை மாற்றியதும் விட்டுவிட்டேன்.

சேவரை, அதாவது மற்றப் பெட்டிகளை நடத்தும் கே3எஸ் பெட்டியை, கரண்ட் நிலையாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சேவர் விழுந்தாலும் மற்றப் பெட்டிகளில் ஓடுவது ஓடும், ஆனால் எதையும் இடம் மாற்ற ஆளிருக்காது. அதனால் என் சேவர் வவுனியாவில். தளத்தின் பெயரும் வவுனியா முகவரிக்கே வருகிறது, வேலை எந்தப் பெட்டியில் ஓடுகிறதோ அங்கே கே3எஸ் அனுப்பிவிடும். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் சேவரின் வயர்கார்டு முகவரி, 6443ஆம் போர்ட், டோக்கன் (சேருவதற்கான இரகசியச் சொல்), இவ்வளவுதான். பெட்டிகளுக்கிடையே வேலைகளின் தகவலைக் கொண்டுபோகும் ஃபிளானல் வயர்கார்டு வழியாகப் போக வேண்டும் என்று நிறுவும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபல்: எந்த ஊர், ஃபைபரா 4ஜியா. லேபலை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், தமிழில் எழுதினால் ஏற்காது. எந்த வேலை எந்தப் பெட்டியில் என்று தீர்மானிக்கும் ஷெடியூலருக்கு உங்கள் இணைப்பின் வேகம் தெரியாது, லேபல் சொல்வதுதான் தெரியும். வேலையின் யாம்ல் கோப்பில் (கே3எஸ்ஸுக்குக் கொடுக்கும் அமைப்புக் கோப்பு) நோட் அஃபினிட்டியை, அதாவது எந்தப் பெட்டியில் ஓட வேண்டும் என்பதை, "விரும்பத்தக்கது" என்ற வகையில் போடுங்கள். கிளிநொச்சிக்கு எடை 80, வவுனியாவுக்கு 20 என்று வைத்தேன். "கட்டாயம்" என்ற வகையில் போட்டால் கிளிநொச்சி இருண்ட நேரத்தில் வேலை போக இடமில்லாமல் நிற்கும்.

அடுத்தது ரிக்குவெஸ்ட், அதாவது இந்த வேலைக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு சீபீயூ வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. சிறுபோகத்துக்கு இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள் அல்லவா? ஷெடியூலரும் எழுதிய கணக்கை வைத்துத்தான் பங்கு பிரிக்கும். வேலை உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று பார்க்காது. எழுதாமல் விட்டால் ஒன்றும் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு, நிரம்பி வழியும் ராஸ்பெரி பையிலும் கொண்டுபோய் வைக்கும்.

இனி நான் விழுந்த இடம். இதில் இரண்டு சிக்கல் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன.

முதலாவது காத்திருப்பு. ஒரு பெட்டி பேசாமல் போனால் அதை "தயாரில்லை" என்று குறிக்கவே ஏறத்தாழ 40 வினாடி எடுக்கும், பதிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அதன்பிறகும் வேலையை அகற்ற 300 வினாடி காத்திருக்கும். இந்த 300 யாரும் எழுதாமலே ஒவ்வொரு பொட்டிலும் (கே3எஸ் ஓட்டும் வேலையின் ஓர் அலகு) சேரும் டொலரேஷன், அதாவது பழுதைப் பொறுத்துக்கொள்ளும் நேரம். "நொட் ரெடி", "அன்ரீச்சபிள்" இரண்டுக்கும் நீங்களே டொலரேஷன் எழுதி 60 ஆக்குங்கள். நான் ஆசைப்பட்டு 10 வைத்துப் பார்த்தேன். மழை நேரத்தில் 4ஜி ஒரு நிமிடம் அறுந்தாலும் ராஸ்பெரி பையில் இருந்த வேலைகள் எல்லாம் இடம் பெயர்ந்தன.

இரண்டாவதுதான் பெரியது. காத்திருப்பைக் குறைத்த பிறகும் புதிய பொட் "பெண்டிங்" என்றே நின்றது. பொட்டை டிஸ்கிரைப் செய்து (விவரம் கேட்டு) கடைசி வரிகளைப் பார்த்தேன்: வொல்யூம் நோட் அஃபினிட்டி கொன்ஃபிளிக்ட், அதாவது வேலையின் சேமிப்பிடம் (வொல்யூம்) வேறு பெட்டியோடு கட்டுண்டிருக்கிறது. கே3எஸ் இயல்பாகத் தரும் லோக்கல் பாத் சேமிப்பு, முதல் தடவை பொட் எந்தப் பெட்டியில் எழும்புகிறதோ அந்தப் பெட்டியின் வட்டிலேயே கோப்புறையை உண்டாக்கும். அதன்பிறகு அந்த வொல்யூமைக் கேட்கும் பொட் வேறெங்கும் எழும்பாது. என் வினாத்தாள் பீடிஎஃப் எல்லாம் கிளிநொச்சி வட்டில். ஷெடியூலர் சரியாகத்தான் நடந்தது, நான்தான் வேலையை ஒரு வட்டோடு கட்டிவைத்திருந்தேன்.

சேமிப்பைப் பல பெட்டிகளில் பிரதி வைக்கும் லோங்ஹோர்ன் பாவியுங்கள் என்று பலர் சொல்வார்கள். எழுதும் ஒவ்வொன்றையும் 4ஜி வழியாகப் பிரதி எடுக்க வேண்டிய இடத்தில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பீடிஎஃப்கள் மாறுவதே அரிது. கோப்புகளைப் பெட்டிகளுக்கிடையே ஒத்திசைக்கும் சின்க்திங் மூலம் மூன்று பெட்டியிலும் ஒரே பாதையில் பிரதி வைத்தேன், பொட்டுக்கு அந்தப் பாதையை ஹோஸ்ட் பாத் (பெட்டியின் சொந்தக் கோப்புறை) ஆக, வாசிக்க மட்டும் கொடுத்தேன். மாணவர் பதிவுகள் இருக்கும் தரவுத்தளம் வவுனியாவில் கட்டாயமாகவே இருக்கிறது, அது நகரத் தேவையில்லை.

பிறகு கிளிநொச்சிப் பெட்டியின் வயரைக் கையால் கழற்றிவிட்டு போனில் வினாத்தாளைத் திறந்து பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குள் வவுனியாவில் எழும்பியது.

பின்சேர்க்கை 1: ராஸ்பெரி பைக்குப் போன வேலை "எக்ஸெக் ஃபோர்மட் எரர்" என்று விழுகிறது என மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வேலையின் இமேஜ் (ஓட்டத் தயாரான பொதி) ஏஎம்டி64க்கு, அதாவது மேசைக் கணினி வகைச் சிப்புக்கு, மட்டும் கட்டியது. டொக்கர் பில்ட்எக்ஸால் ராஸ்பெரி பையின் ஏஆர்எம்64க்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: கரண்ட் வந்த பிறகும் வேலை கிளிநொச்சிக்குத் திரும்பவில்லையே என்று மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டார். திரும்பாது. ஷெடியூலர் புதிய பொட்டுக்குத்தான் இடம் பார்க்கும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. ஓடுவதை இடம் மாற்ற டீஷெடியூலர் என்று தனிக் கருவி இருக்கிறது. மூன்று பெட்டிக்கு அது தேவையில்லை. இரவு 2 மணிக்கு பொட்டைப் புதிதாக எழுப்பும் ரோல்அவுட் ரீஸ்டார்ட் கட்டளையைப் போடும் ஒரு குரொன் வேலையை (நேரம் குறித்துத் தானாக ஓடுவது) வைத்திருக்கிறேன், பிள்ளைகள் தூங்கும் நேரம்.