நிசேயாவில் பைபிளுக்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை

ஆதி கிறித்தவ நூல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது நிசேயாவை (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) இழுத்துவிடுவார். கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே பிஷப்புகளைக் கூட்டி, எந்தெந்த சுவிசேஷம் (இயேசுவின் வாழ்வையும் போதனையையும் சொல்லும் நூல்) பைபிளில் இருக்கலாம் என்று ஓட்டெடுத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஷப்புகளின் அந்தச் சங்கம் கூடியது ஆரியுஸ் என்ற பாதிரியார் கிளப்பிய சர்ச்சைக்காக: குமாரனாகிய இயேசு பிதாவாகிய கடவுளுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா? கூடவே, ஈஸ்டரை என்றைக்குக் கொண்டாடுவது என்ற தகராறு. சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றில்கூட நூல் பட்டியல் இல்லை.

அப்புறம் கதை எங்கிருந்து வந்தது? நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்ததாகவும், உண்மையானவை மேலேயும் போலிகள் கீழேயும் இருந்ததாகவும் ஒரு கிரேக்கத் தொகுப்பு சொல்கிறது. அதன் காலம் 9-ஆம் நூற்றாண்டு! பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கிண்டலுக்காக இதைப் பரப்பினார். கிண்டல் மறந்துபோய், கதை வரலாறாக நின்றுவிட்டது.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் சொல்லும் முதல் பட்டியல், அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் மடலில் இருக்கிறது. அதோடும் விஷயம் முடியவில்லை. சிரியாக் கிறித்தவர்களின் பைபிளான பெஷிட்டாவில் 22 நூல்கள்தான், நம் பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் கிடையாது. சரி, அதுவரை எல்லாமே குழப்பம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சுவிசேஷங்கள் நான்கே என்று பிஷப் இரேனியுஸ் ஏறத்தாழ 180-லேயே அடித்துச் சொல்லிவிட்டார். இழுபறியெல்லாம் பெரும்பாலும் 2 பேதுரு, யூதா போன்ற சிறு நிருபங்களிலும் (கடிதங்கள்), எபிரெயர், வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவற்றிலும்தான்.

புத்தகத்தில் உள்ள வரிசையைக் காலவரிசை என்று எண்ணுவது இன்னொரு தவறு. மத்தேயு முதலில் இருந்தாலும், அதற்கு முந்தைய பவுலின் நிருபங்களில் பல 50-களைச் சேர்ந்தவை. மாற்கு எழுதப்பட்டது 70-ஐ ஒட்டி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

எழுதிய காலமும் பிரதியெடுத்த காலமும் வேறு வேறு. மான்செஸ்டரில் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள் கொண்ட பாப்பிரஸ் துண்டு இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு "கி.பி. 125" என்று ஒரே ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். எழுத்தின் சாயலை வைத்துப் போட்ட கணக்கு அது. 50 ஆண்டு தள்ளிப்போனாலும் வியப்பில்லை.

சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் இயேசுவின் ரகசியம் இருக்கிறது என்பார்கள். 1947 முதல் கிடைத்த அவை யூத நூல்கள். இயேசு சொன்னதாக 114 வாக்குகளைத் தொகுத்த, பைபிளில் இடம்பெறாத தோமாவின் சுவிசேஷம் கிடைத்தது அங்கே அல்ல; அது முழுமையாகக் கிடைத்தது 1945-இல், எகிப்தின் நாக் ஹம்மாதியில்.

கடைசியாக, நம் வீட்டுப் பழைய தமிழ் பைபிளில் 1 யோவான் 5:7-ஐத் திறந்து பாருங்கள். பரலோகத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவர் சாட்சியிடுவதாக இருக்கும். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு 1522-இல்தான் சேர்த்தார். உடனே "திரித்துவமே பிற்காலக் கட்டுக்கதை" (திரித்துவம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கொள்கை) என்று தாவுகிறவர்கள் உண்டு. நிசேயாவுக்குப் பின் கிரேக்க பிஷப்புகள் பல பத்தாண்டுகள் திரித்துவத்துக்காக வாதாடினார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த வசனத்தை எடுத்து வைக்கவில்லை. அந்தக் கொள்கை இந்த வரியை நம்பி நிற்கவில்லை என்பதே இதன் பொருள்.