கடைக்குப் போகாமல் தற்சார்பு: சூடாறாப் பெட்டியில் ஆரம்பிக்கலாம்

தற்சார்பு என்றதும் நம்மில் பலர் முதலில் கடைக்குத்தான் ஓடுகிறோம். நானும் ஓடினேன். குரோ பேக் இருபது, நார்க்கழிவுக் கட்டி, விதைப் பாக்கெட், பூவாளி என்று 3,400 ரூபாய். அந்த வருஷம் மொட்டைமாடியில் காய்த்த தக்காளி மொத்தம் இரண்டரை கிலோ. கிலோ என்ன விலை விழுந்தது என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள். இரண்டு மாதம் என்பதற்குக் காரணம், நம் கரண்ட் பில் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

படி 1: அளந்து பாருங்கள்

காலண்டரில் இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று, புது சிலிண்டர் மாட்டிய தேதி. இன்னொன்று, மீட்டர் ரீடிங். வாரம் ஒரு நாள் போதும். ஒரே ஒரு ராத்திரி மட்டும், பத்து மணிக்கு ஒரு ரீடிங்கும் காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங்கும் எடுங்கள். எல்லோரும் தூங்கும்போது எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்ததில் நான்கு யூனிட். இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் அவ்வளவு இழுக்காதே என்று தேடினால், பாத்ரூம் கீசர். யாரும் அணைப்பதே இல்லை. தண்ணீர் ஆற ஆற அது தானாகச் சூடேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட்.

நான் கணக்குப் போட்ட 2024 விலைப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கும் இருந்த குறைந்த விலையும் போய்விடும். 490இல் நிற்பதற்கும் 510இல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் இருபது யூனிட் இல்லை. வாராவாரம் ரீடிங் எழுதுகிறவருக்குத்தான் கடைசி வாரத்தில் கையைப் பிடிக்கத் தெரியும்.

படி 2: சூடாறாப் பெட்டி

கொதி வந்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி உள்ளே வைத்து மூடினால், சூடு ஆறாமல் மீதி வேக்காட்டை முடித்துத் தரும் பெட்டி. நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லவே வேண்டாம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பொருள் இது. அதற்கும் முன்னால் பாட்டிமார் பானையை வைக்கோலில் புதைத்து வைத்ததும் இதே வேலைதான்.

ஏன் கேஸ் மிச்சம் என்பதைப் புரிந்துகொண்டால் பெட்டி தானாகவே கைவந்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. திறந்த பாத்திரத்தில் அதிகமாக எரிக்கும் கேஸ் எல்லாம் ஆவியாகப் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுக்க ஆவியாக்க. சோறு வேக ஆவி தேவையில்லை, சூடு நின்றால் போதும்.

பெட்டிக்கு மருந்துக் கடையில் கேளுங்கள். ஐஸ் வைத்து மருந்து வரும் தெர்மாகோல் பெட்டியை அவர்கள் தூக்கித்தான் போடுகிறார்கள். மீன்காரரிடமும் கிடைக்கும், ஆனால் எத்தனை முறை கழுவினாலும் சோற்றில் சாளை வாசனை வரும். அடியிலும் சுற்றிலும் பழைய லுங்கி, துண்டு, போர்வைத் துணியைத் திணித்து, பானை இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் குழி விடுங்கள். அடித்துணியை மட்டும் நான்கு மடிப்பாகப் போடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பானையின் அடிப்பாகம் நேரே தெர்மாகோலில் பட்டால் உருகும். என் முதல் பெட்டியில் வட்டமாக ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது.

இனி சோறு:

1. புழுங்கல் அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊற விடுங்கள்.
2. அரிசியைப்போல நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி போட்டே கொதிக்க விடுங்கள்.
3. நன்றாகக் கொதி வந்த பிறகு பத்து நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். பச்சரிசிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.
4. மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைத்துப் பெட்டியை மூடுங்கள்.
5. ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வடியுங்கள்.

இடையில் திறந்து பார்க்கவே கூடாது. முதல் நாள் நான் இருபது நிமிடத்தில் திறந்தேன். அம்மா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல அரிசி நிக்குது மக்களே, இத மறுபடி அடுப்புல ஏத்து" என்றார். சூடு போனால் போனதுதான். பெட்டி சூட்டை உண்டாக்காது, காக்க மட்டுமே செய்யும். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். ஒரு ஆளுக்கு ஒரு பிடி அரிசி வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

பருப்பு, ஊறவைத்த பயறு, கிழங்கு எல்லாம் வரும். ராஜ்மாவை மட்டும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் போகாது. கறி, மீன் வேண்டாம். எதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள், வெதுவெதுப்பில் சாப்பாடு கெட்டுவிடும். எங்கள் சிலிண்டர் முன்பு 38 நாள் வந்தது, இப்போது 46, 47 வரை போகிறது.

படி 3: குப்பை வாளி

பழைய பெயின்ட் வாளி ஒன்று, அடியிலும் பக்கத்திலும் ஆணியைச் சுட்டு ஓட்டை. காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் அதன்மேல் காய்ந்த சருகு இரண்டு பங்கு. புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சருகு போட்டுக் கிளறுங்கள். தடித்த பழுப்புப் புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம், அவை நம் வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு மூன்று மாதத்தில் மழை நனைத்த மண் வாசனை வரும். அப்போது உரம் தயார்.

படி 4: சந்தைக் கட்டிலிருந்தே கீரை

விதை வாங்க வேண்டாம். பொன்னாங்கண்ணியும் புதினாவும் வாங்கும்போது இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைத் தூக்கிப் போடுகிறோம் இல்லையா, அதில் கணுவுள்ள தண்டாகப் பத்து எடுத்து ஈர மண்ணில் செருகுங்கள். ஒரு வாரத்தில் துளிர்க்கும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. இடம் இருந்தால் முருங்கைக் கொம்பு ஒன்று. தக்காளி, கோஸ் எல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீரே போதும்.

மூன்றாம் மாதம்

இப்போது வாங்கலாம், அதுவும் மீட்டர் ரீடிங்கைப் பார்த்து. பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) போட்டு, தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் குறையும். அதிகம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறை ஃபேனை மாற்றிப் புண்ணியமில்லை.

மழைநீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். முதல் மழை மாடியைக் கழுவட்டும், அடுத்ததிலிருந்து பிடியுங்கள். மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

சோலார் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது அந்தக் காலண்டர் ரீடிங்கைத்தான். ஒரு கிலோவாட் பேனல் நம்மூர் வெயிலில் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 2024இல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். 600, 700 ஓடுகிற வீடு என்றால் கீசர் சுவிட்சை அணைத்துப் பழகிவிட்டு, அடுத்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விலை விசாரியுங்கள்.