சிவப்பு ஊசி முடிந்த பிறகும் இதயத்தைக் கவனியுங்கள்

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் குணமாகி 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கச்சிமடத்தில் கரையிலிருந்து மீன் கூடையோடு ஒரே நடையாக வீடு வந்து சேருபவர், பாதி வழியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்கத் தொடங்கினார். இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். "கீமோ ஏறிய உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் இதயம் தளர்ந்திருப்பது தெரிந்தது.

சிவப்பு ஊசி எனப்படும் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். மொத்தமாக ஏறிய அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்; பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். இடது மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு 10 ஆண்டுகளுக்குப் பிறகுகூட வருவதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ட்ராஸ்டுசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களை வழக்கமாக 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வார்கள். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மருந்தால் வரும் தளர்ச்சியை முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மதுரையிலோ சென்னையிலோ சிகிச்சை முடிந்ததும் ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. பிறகு ராமநாதபுரத்தில் இதய மருத்துவரிடம் சர்க்கரையையும் பிரஷரையும் மட்டும் சொல்கிறோம். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், கதிர்வீச்சு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் ஃபைல் இப்போது மஞ்சள் பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடும் நாட்களில் நெஞ்சு வலித்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த மருந்து இதய ரத்தக்குழாயையே சுருங்க வைக்கலாம். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் பிரஷர், இதய மாத்திரைகளைக் கீமோவுக்காக நாமாகவே நிறுத்துவது வேறு வகைத் தவறு.

கருவாட்டைப் பற்றிச் சொன்னால் நம் கரையில் சண்டைக்கு வருவார்கள். இதயம் தளர்ந்தவருக்கு உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். எத்தனை முறை கழுவினாலும் கருவாட்டு உப்பு முழுதாகப் போகாது.

புற்றுநோயும் சில மருந்துகளும் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள், கால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை அன்றைக்கே எடுங்கள். அதோடு திடீரென்று மூச்சு திணறினால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.