ஆடாதோடைக் கஷாயம்: நாள்பட்ட இளைப்புக்காரர்களுக்கான செய்முறை

‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்பார்கள். கட்டியிருக்கும் கோழை இளகினால் குரல் திறக்கும் என்பதே அதில் உள்ள சங்கதி. இளைப்பு, அதாவது மூச்சிரைப்பு, வேரோடு போய்விடும் என்று அந்தச் சொலவடை சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில்தான் சொல்கிறார்கள்.

இந்த இலையின் முக்கியச் சத்து வாசிசின். மருந்துக் கடை இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின், ஆம்பிராக்சால் இரண்டுக்கும் மூலம் அதுதான். கோழையை இளக்குவது இவற்றின் வேலை. ஆனால் ஆஸ்துமாவிலும் புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறதே, அதற்குக் கஷாயம் போதாது, இன்ஹேலர் வேண்டும். கஷாயம் குடிக்கிறோம் என்று ஒரு வேளை இன்ஹேலரைக்கூட விடக் கூடாது.

தொடங்கும் முன்

கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாது; வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். குழந்தைகளுக்குச் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆம்பிராக்சால் சிரப் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று எது தெரிந்தாலோ, முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

இலையை அறிதல்

ஊர்ப்புறங்களில் வேலியோரம் புதராக நிற்கும். ஆடுமாடு வாய் வைக்காது, அதனாலேயே வேலிக்கு வைத்தார்கள். மாவிலையைப் போல நீண்டு நுனி கூர்ந்திருக்கும். ஆனால் அந்த விறைப்பு இருக்காது, தொட்டால் மெத்தென்று இருக்கும். பூ வெள்ளை, மேலும் கீழுமாக இரண்டு உதடுகள், கீழ் உதட்டில் ஊதா ரேகைகள். கசக்கினால் பச்சை வாடை தூக்கலாக அடிக்கும், நாக்கில் பட்டால் கசப்பு நெடுநேரம் நிற்கும். சந்தேகம் இருந்தால் பறிக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த இலை கிடைக்கும்.

காய்ச்சுதல்

முற்றிய பச்சை இலை இரண்டு போதும். கூடுதல் இலை போட்டால் கூடுதல் பலன் என்று நினைக்காதீர்கள், வாந்திதான் வரும். இலையைக் கழுவிக் கிள்ளி, 400 மில்லி தண்ணீரில் போடுங்கள். ஒரு திப்பிலியைத் தட்டிச் சேருங்கள். அதிமதுரம் ஒரு சிறு துண்டு போட்டால் கசப்பு தணியும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைத் தொடக் கூடாது. அழுத்தத்தை ஏற்றி, உடலில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

மூடாமல், சிறு தீயில், நான்கில் ஒரு பங்காக, அதாவது 100 மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். முதலில் பச்சையாக இருக்கும் நீர், சுண்டச் சுண்டப் பழுப்பாக மாறும். பாரம்பரியம் என்று சொல்லி இதை விறகடுப்பில் ஏற்றாதீர்கள். இளைப்புக்காரரைப் புகையில் நிறுத்திக்கொண்டு இளைப்புக்கு மருந்து காய்ச்சுவதில் என்ன நியாயம்?

வடிகட்டி, சூடு ஆறியதும் அரைத் தேக்கரண்டி தேன். சர்க்கரை நோயாளிகளுக்குத் தேன் வேண்டாம். காலை உணவுக்குப் பின் பாதி, மாலையில் மீதி. மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தொடர நினைத்தால் சித்த மருத்துவரைப் பாருங்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னும் வசதி: தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் தொடங்கிய நெஞ்சக மருத்துவமனையும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

பலனை அளத்தல்

‘நெஞ்சு லேசானது போல இருக்கிறது’ என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறோம் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாய்க் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில், முடிந்த வேகத்தில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணைக் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில் வந்த உச்ச அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது அவசரம்.

செய்யக் கூடாதவை

ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கும் பழைய வழக்கத்தை இன்றும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அதிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது உண்மைதான். அதன் வழிவந்த இப்ராட்ரோபியம் இன்று இன்ஹேலரில் அளவோடு வருகிறது. இலையில் அளவு ஏது? சித்தம் கலங்கும், உயிருக்கே ஆபத்தாகும். பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் ஆஸ்துமா பொடிகளையும் வாங்காதீர்கள். ஒரே நாளில் இளைப்பு நின்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அப்படிக் கலந்து பிடிபட்டவை உண்டு.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அவசர இன்ஹேலருக்கும் அடங்காவிட்டாலோ, அடுப்பை அணைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.